காக்கா கூட உக்காராது

ஜூலை 3, திங்கள்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு கெடக்கு. தொடைக்கக் கூட மனசில்லை. பிரஷர் மாத்திரை வாங்கின தேதி, காஸ் சிலிண்டர் வந்த தேதி, இதைத் தவிர இந்த டைரியில நான் எதுவும் எழுதினதில்லை. இன்னைக்கு வயித்தெரிச்சல். எழுதித்தான் தீக்கணும்.

காலையில பூக்கார தனம் ஓடி வந்து கதவைத் தட்டினா. “டீச்சரம்மா, கொடைய எடுக்கப் போறாங்களாம்! சுத்தி கோடு போட்டுக்கினு கீறாங்க!”

செருப்பு கூட மாட்டாம ஓடினேன். உண்மைதான். குடையைச் சுத்தி மஞ்சள் பெயின்ட்ல கோடு. மழைத்தண்ணிக் கால்வாய் தோண்டணுமாம், இது நடுவுல இடைஞ்சலா இருக்காம். கோடு போட்ட தம்பி என்னையே கேக்குறான், “இது என்ன மேடம், பழைய பஸ் ஸ்டாப்பா?”

ஸ்கூல் மைதானத்துல காலமெல்லாம் கத்தின பி.டி. டீச்சர் தொண்டை என்னுது. தெருவே திரும்பிப் பார்த்துச்சு. “பஸ் ஸ்டாப்பாம்ல பஸ் ஸ்டாப்பு! டிராம் ஓடின காலத்துல கப்பல்ல வந்து எறங்கின வார்ப்பிரும்புய்யா இது. எங்க தாத்தா இதுக்கடியில நின்னுதான் டிராம் ஏறினார். நடுவுல தடித் தூண், சுத்தி ஒல்லித் தூண், மேல விரிச்ச குடையாட்டம் கூரை. மெட்ராஸ்ல வேற எங்கயாவது காட்டு பாப்போம்! தொட்டிக்கரைத் தெருன்னு சொன்னா எவனுக்குத் தெரியும்? ‘குடை ஸ்டாப்’னாதான் கண்டக்டர் விசில் ஊதுவான். கல்யாணப் பத்திரிகையில கூட ‘குடை அருகில்’னு போடறோம்!”

“கோடு போடச் சொன்னாங்க, போட்டேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது மேடம்”னு சொல்லிட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். அவனைத் திட்டி என்ன ஆகப் போகுது.

அக்கா உள்ளதான் உக்காந்திருந்தா. நடுத்தூணைச் சுத்தியிருக்கிற வட்ட பெஞ்சுல, எப்பவும் உக்காருற இடத்துல. அவளையும் சேத்துத்தான் கோடு போட்டிருந்தாங்க.

ஜூலை 5, புதன்

தூக்கம் சரியில்லை. குடை போயிட்டா அக்கா பகலெல்லாம் எங்க இருப்பா? இதுதான் மண்டையில ஓடுது.

அக்கா பேரு கோகிலா. எனக்கு ஆறு வயசு மூத்தவ. பத்தொன்பது வயசுல அவளுக்கு மனசு கெட்டுப்போச்சு. அப்பா கொண்டுபோய் ஒரு இடத்துல விட்டார். கம்பி போட்டுப் பூட்டி வைக்கிற இடம். ரெண்டு வருஷம் போல அங்க இருந்தா. நாங்க போய்ப் பார்த்தோம். பெத்தவங்க, கூடப் பொறந்தவ, போகாமலா இருப்போம்? பொங்கலுக்குப் போனோம், பன்னு வாங்கிக்கிட்டு. அது ரொம்ப தூரம். எனக்கு வேற ஸ்கூல் ஸ்போர்ட்ஸ், டிஸ்ட்ரிக்ட் மீட் எல்லாம் இருந்துச்சு.

திரும்பி வந்தவளுக்கு நாலு சுவருக்குள்ள இருக்க முடியல. கதவைச் சாத்தினா நடுங்குவா. அதுக்குன்னு வெட்டவெளியும் ஆகாது. மேல வானம் தெரிஞ்சா தலையைப் பிடிச்சுக்கிட்டுக் குந்திடுவா. மேல மூடியிருக்கணும், சுத்தி மூடக்கூடாது. அப்படி ஒரு இடத்துக்கு எங்க போறது?

அம்மாதான் கண்டுபிடிச்சாங்க, அதுவும் தற்செயலா. என்னைப் பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கெல்லாம் அக்கா கையில ஒரு பன்னைக் குடுத்து, குடைக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிடுவாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு எழுந்து போனதும் போய்க் கூட்டிட்டு வருவாங்க. எந்த வீட்லதான் இது இல்லை? ஆளு வர்றாங்கன்னா கிழிஞ்ச பாயைச் சுருட்டி உள்ள வைக்கிறதில்லையா? அப்படி ஒருநாள் கூப்பிடப் போனா, அக்கா போற வர்ற பஸ்ஸைப் பார்த்து சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாம். அன்னையிலேருந்து தினம் அங்கதான்.

எனக்குக் கல்யாணமாகி, அவரும் போய்ச் சேர்ந்து பல வருஷமாச்சு. அக்கா என்கூட இருக்கா. காலையில இட்லி சாப்பிட்டதும் கிளம்புவா, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவா. மழைநாள்ல கூட குடை எடுத்துக்க மாட்டா. “குடைக்குப் போறவளுக்குக் குடை எதுக்கு?”ம்பா. ஒருநாளைக்கு அவ பேசுறதே நாலு பேச்சு. அதுல இது ஒண்ணு.

ஜூலை 9, ஞாயிறு

காதர் பாய் டீக்கடையில கூட்டம் போட்டோம். ஆட்டோக்காரங்க, தனம், மளிகைக்கடை செட்டியார், கூழ் ஊத்துற பசங்க எல்லாம் வந்தாங்க. “குடை பாதுகாப்புக் குழு”ன்னு பேரு. செயலாளர் யாருன்னப்போ எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. “டீச்சர் ஒரு சத்தம் குடுத்தா கோட்டையே ஆடும்”னார் பாய்.

பழைய கட்டடங்களைக் காப்பாத்துற ஆபீஸ் ஒண்ணு இருக்காம். அங்க மனு குடுக்கிறதுன்னு முடிவாச்சு.

கலையும்போது தனம் காதுல சொன்னா, “பாவம், அக்காவுக்கோசரம்தானே டீச்சர் இம்மாம் ஓட்டம் ஓடறீங்க.”

“ஊருக்காக”ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். அத்தனை பேர் இருக்கிற இடத்துல அவ ஏன் அதைப் பேசணும்?

ஜூலை 17, திங்கள்

ஆடி பொறந்தாச்சு. மனுவுக்குப் பதில் வந்திருக்கு. இருபத்தெட்டாம் தேதி ஆபீசர் நேர்ல வந்து பாக்குறாராம். பாத்துட்டு அவர் எழுதறதுதான் முடிவு.

படபடன்னு இருக்கு. குழாயில தண்ணி வர்ற நேரத்தைக் கோட்டை விட்டுட்டேன்.

ஜூலை 25, செவ்வாய்

நாலு நாளா குடையை ஒழுங்கு பண்றோம். அப்பப்பா, என்னா கோலம்! தூண் பூரா கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஒண்ணு மேல ஒண்ணு, செத்தவங்க மேல செத்தவங்க. சுரண்டிச் சுரண்டி நகம் போச்சு. பெஞ்சுக்கடியில பாயோட சரக்குப் பொட்டி, ஆட்டோக்காரங்களோட துணிமணி, கூழ் காய்ச்சுற அண்டா. தூண் வளைவுல தனத்தோட பை. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டேன்.

“அப்போ நான் எங்க குந்துறது?”ன்னு தனம் மூஞ்சியைத் தூக்கினா.

“ஒருநாள் கூத்துடி. பொண்ணு பாக்க வர்றப்போ வீட்டுல அழுக்குத் துணியைக் கொடியில காயப் போடுவியா? முடிச்சுட்டுப் போனப்புறம் நீ பாட்டுக்குக் குந்து.”

எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் முரண்டு பிடிக்கல. ஆட்டோவையெல்லாம் வெள்ளிக்கிழமை பின்தெருவுல நிறுத்திக்கிறதா ஒத்துக்கிட்டாங்க. காலி பண்ணி, தண்ணி ஊத்திக் கழுவி, தள்ளி நின்னு பார்த்தேன். கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்துச்சு.

ஜூலை 28, வெள்ளி

நல்லபடியா முடிஞ்சுது.

அக்காவை இன்னைக்கு ஒருநாள் வீட்டுல இருக்கச் சொன்னேன். கதவைத் திறந்தேதான் வச்சிட்டு வந்தேன், சத்தியமா.

ஆபீசர் நல்ல மனுஷன். சின்ன வயசுதான். தூணைத் தட்டிப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார், போட்டோ எடுத்தார். “அருமையான பொருள் மேடம். ஆனா இந்த மாதிரி எடத்துல எங்களுக்கு ஒரே பிரச்னைதான். ஜனங்க வந்து உக்காந்து, படுத்து, அசிங்கம் பண்ணிடறாங்க. இங்க எப்படி? யாராவது உக்காருறாங்களா?”

“காக்கா கூட உக்காராது சார்!”னேன். அவர் சிரிச்சுட்டார். “நாங்க அப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கோம்.” அதையும் எழுதிக்கிட்டார். எனக்கே என் சாமர்த்தியம் பிடிச்சிருந்துச்சு.

நடுவுல ஒரு பொம்பளை ரோட்டைத் தாண்டி வந்து நின்னுச்சு. நரைச்ச தலை, பச்சைப் புடவை, கையில பன்னு. உள்ள வரப் பார்த்துச்சு. ஆபீசர் “இவங்க யாரு?”ன்னு கேட்டார். “தெரியல சார், யாரோ”ன்னு சொல்லிட்டு, தூண் மேல இருக்கிற பூங்கொடி வேலைப்பாட்டைக் காட்டுறதுக்கு அவரை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டேன். திரும்பிப் பார்த்தப்போ அந்தப் பொம்பளை இல்லை.

சாயந்திரம் பாய் எல்லாருக்கும் பாதாம் பால் குடுத்தார். அக்கா ராத்திரி சாப்பிடல. உப்புமா பண்ணியிருந்தேன், அவளுக்கு உப்புமா பிடிக்காது.

ஜூலை 29, சனி

இட்லிதான் பண்ணினேன். அதையும் சாப்பிடல. பச்சைப் புடவையைத் தொவைச்சுக் காயப் போட்டிருக்கா.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஜெயிச்சுட்டோம்! குடையை எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்தாச்சு. பாரம்பரியச் சின்னமாம். கால்வாயை வளைச்சுக் கொண்டு போகணுமாம். சர்க்கார் செலவுல பழுது பார்த்து, பழைய நிறத்துக்குக் கொண்டு வருவாங்களாம்.

கூழ் ஊத்துற பசங்க ஆயிரம் வாலா வெடிச்சாங்க. தனம் ஒரு முழம் கனகாம்பரத்தை என் தலையில வச்சா, தாலியறுத்தவன்னு கூடப் பாக்கல. நானும் எடுக்கல. பஸ்ஸை நிறுத்தி டிரைவருக்கெல்லாம் சாக்லேட் குடுத்தோம்.

அக்கா திரும்பவும் தினம் அங்க போக ஆரம்பிச்சு பத்து நாளாச்சு. இன்னைக்கு அவகிட்ட, “உன் குடையை யாரும் எடுக்க மாட்டாங்கக்கா, நான் பாத்துக்கிட்டேன்”னு சொன்னேன். மஞ்சள் கோட்டைக் கால் கட்டைவிரலால தேய்ச்சுக்கிட்டே இருந்தா.

செப்டம்பர் 4, திங்கள்

வேலை ஆரம்பம். குடையைச் சுத்தி நீலத் தார்ப்பாய் கட்டிட்டாங்க. அக்கா தார்ப்பாய்க்கு வெளிய நின்னு ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துட்டு வந்துட்டா.

“எப்போ?”

“தீபாவளிக்குள்ள முடிச்சிடுவாங்கக்கா. அதுவரைக்கும் பாய் கடைத் தாவாரத்துல உக்காந்துக்கோ.”

பாய் ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்திருக்கார். ஆனா பின்பக்கம் சுவர் இருக்கே. ரெண்டு மூணு தடவை எழுந்து எழுந்து திரும்பிப் பார்க்கிறா.

அக்டோபர் 11, புதன்

மூட்டு வலி. டாக்டர்கிட்ட போகணும்.

பெயின்ட் சுரண்டுறதைப் போய்ப் பார்த்தேன். அடேங்கப்பா, எத்தனை கட்சி, எத்தனை கலர்! ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருத்தன் அடிச்சிருக்கான். எல்லாம் போனதும் அடியில கரும்பச்சை. நடுத்தூண்ல ஒரு தகடு, அதுல தமிழ் எழுத்து புடைச்சுக்கிட்டு இருக்கு. இத்தனை வருஷமா எங்க யாருக்கும் தெரியாது. நான்தான் முதல்ல படிச்சேன். “வழிப்போக்கர் வெயில் மழைக்கு ஒதுங்கி இளைப்பாறும் பொருட்டு.”

உடம்பு சிலிர்த்துப் போச்சு. அக்காவைக் கூட்டிட்டுப் போய் காட்டலாம்னு நெனச்சேன். வேலைக்காரங்க இருக்காங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

நவம்பர் 8, புதன்

இன்னைக்குத் திறப்பு விழா. பந்தல், மைக், மாலை. எனக்கு ஒரு பொன்னாடை.

தார்ப்பாயை எடுத்தாங்க. குடை ராஜா மாதிரி நிக்குது, கரும்பச்சையில, தகடு தங்கமா மின்னுது. அதைச் சுத்தி வேலி. ஆளுயரத்துக்கு மேல இரும்புக் கம்பி, நுனியெல்லாம் ஈட்டி. ஒரு கேட்டு. கேட்டுக்குப் பூட்டு. பக்கத்துல பலகை: உள்ளே நுழையக் கூடாது, தொடக் கூடாது, மீறினால் தண்டனை.

எனக்குக் கை தட்டவே தோணல. பக்கத்துல தனம் பூக்கூடையை இடுப்புல வச்சுக்கிட்டு, வாயைத் திறந்தபடி நின்னா.

ஆபீசர் மைக்ல பேசினார். “மக்கள் யாரும் பயன்படுத்தாதபடி இத்தனை ஆண்டுகள் இதைக் கண்ணாகக் காத்த குழுவுக்கு நன்றி. ‘காக்கா கூட உக்காராது’ என்று மேடம் சொன்னதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.” எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, ஒரு தட்டுல வெத்தலை பாக்கோட ஒரு சாவி குடுத்தார். இனிமே நான் கௌரவப் பாதுகாவலராம். உள்ள கூட்டிப் பெருக்கிறப்போ நான்தான் திறந்து மூடணும்.

என் வாயிலதான் புத்து. வாய் கொழுப்பு சீலையில வடிஞ்சுது.

நவம்பர் 9, வியாழன்

காலையில முதல் வேலையா அக்காவைக் கூட்டிட்டுப் போனேன். ஆளில்லாத நேரமா பார்த்து கேட்டைத் திறந்தேன். “வாக்கா. உனக்காகத்தான் சாவி வாங்கி வச்சிருக்கேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அக்கா கம்பியில ஒரு கையை வச்சா. ஈட்டி நுனியை அண்ணாந்து பார்த்தா. அப்புறம் என் கையில தொங்கின பூட்டைப் பார்த்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

“நான் சத்தமே போடலியே இந்து.”

“ஐயோ, இது அது இல்லக்கா.”

“அன்னைக்கு வராதேன்னு சொன்னே. வந்துட்டேன். அதுக்கா?”

கையைப் பிடிச்சேன், உதறிட்டா. ரோட்டுல ரெண்டு பக்கமும் பாக்காம ஓடினா. ஆட்டோக்காரன் பிரேக் போட்டுக் கத்தினான். வீட்டுக்கு வந்து பார்த்தா வாசப்படியில உக்காந்திருக்கா, பாதி உள்ள, பாதி வெளிய.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அவளுக்கு எண்ணெய் வச்சுவிட்டேன். புதுப் புடவையைக் கட்டிக்கல.

நவம்பர் 15, புதன்

மொட்டை மாடியில கொட்டகை போட்டேன். நாலு சவுக்குக் கம்பம், மேல தகரம், சுத்தி ஒண்ணும் கிடையாது. பெஞ்சு கூட வாங்கிப் போட்டேன். மேல மூடியிருக்கணும், சுத்தி மூடக் கூடாது, அவ்வளவுதானே?

மூட்டு வலியோட அவளைக் கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டுப் போனேன். உக்காந்தா. நல்லாத்தான் உக்காந்தா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு டீ எடுத்துக்கிட்டுப் போனேன்.

“இங்க யாரும் வர மாட்டேங்கறாங்க”ன்னா.

“யாரு வரணும்?”

“தனம். பாய். பஸ்ஸு. ஸ்கூல் புள்ளைங்க.” விரல் விட்டு எண்ணிக்கிட்டே போனா. கண்டக்டருங்க பேரெல்லாம் கூட சொன்னா. எனக்கு ஒருத்தர் பேரும் தெரியாது.

இத்தனை வருஷமா கூரைக்கும் சுவருக்கும்தான் அவ அங்க போறான்னு நெனச்சுக்கிட்டிருந்திருக்கேன். என்ன ஜென்மம் நான்.

நவம்பர் 20, திங்கள்

தனம் இப்போ எதிர்ப்பக்கம் சாக்கடை மேல உக்காந்து விக்கிறா. பூ வாங்கப் போனேன். முழம் போட்டுக்கிட்டே நிமிராம கேட்டா, “அக்கா எப்படிக் கீறாங்க?”

“வாசப்படியை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறா. சோறும் எறங்கல. வேலியைப் பார்த்து பயந்துட்டா.”

“வேலி இன்னா வேலி.” பூவை இலையில சுத்தி நீட்டினா. “அன்னைக்கி அந்த ஆபீசராண்ட ‘யாரோ’ன்னியே, நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். அக்கா காதுலயும் வுயுந்துச்சு. அப்படியே திரும்பிப் போச்சு அது. வேலி போட்டது அன்னைக்கி. நீ போட்டது.”

என்னை இத்தனை வருஷத்துல அவ ‘நீ’ன்னு சொன்னதே கிடையாது. பூவை வாங்கிட்டு வந்துட்டேன். சாமி படத்துக்குப் போடாம மேசை மேலயே கெடக்கு.

நவம்பர் 21, செவ்வாய்

ஆபீஸுக்குப் போனேன். ஆபீசர் எழுந்து நின்னு வணக்கம் சொன்னார். டீ வரவழைச்சார்.

“வேலியை எடுத்துடுங்க சார்”னேன். “நான் அன்னைக்குச் சொன்னது பொய். அது கீழ எப்பவும் ஆளு இருக்கும். பூ விப்பாங்க, கூழ் காய்ச்சுவாங்க, ஆட்டோக்காரங்க தூங்குவாங்க. நீங்க வர்றீங்கன்னு நான்தான் எல்லாரையும் வெரட்டிவிட்டேன்.”

அவர் பேனாவை மூடி மேசை மேல வச்சார்.

“பன்னோட ஒரு அம்மா வந்தாங்களே, யாருன்னு கேட்டீங்களே. அவங்க எங்க அக்கா சார். கோகிலா. என் கூடப் பொறந்தவ. தினம் அங்கதான் உக்காருவா.”

ஆபீஸ்ல நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. பாக்கட்டும்.

“மேடம்,” ரொம்ப மெதுவாச் சொன்னார், “இதை அன்னைக்குச் சொல்லியிருந்தா வேலியே வேண்டாம்னு எழுதியிருப்பேன். ஜனங்க உபயோகத்துல இருக்குன்னா அதுக்கு வேற வழிமுறை. உபயோகத்துல இல்லைன்னதாலதான் வேலி. இப்போ எடுக்கணும்னா மறுபடியும் மேல வரைக்கும் போய் வரணும்.”

“எத்தனை நாளாகும்?”

“நாளா?”ன்னார். என் மனுவை வாங்கிக்கிட்டார். பஸ்ல வர்றப்போ கண்டக்டர் “குடை எறங்கு, குடை எறங்கு”ன்னான். எறங்கினேன்.

நவம்பர் 26, ஞாயிறு

உள்ளே கூட்டிப் பெருக்கப் போனேன். பெஞ்சு பூரா காக்கா எச்சம். மேல கூடு வேற கட்டியிருக்கு. ஆளு இருந்தவரைக்கும் ஒரு காக்கா அண்டினதில்லை. இப்பத்தான் உக்காருது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு.

நாய் வந்துடப் போகுதேன்னு கேட்டை உள்பக்கமா சாத்திக்கிட்டேன். கழுவி முடிச்சதும் கால் கெஞ்சுச்சு. அக்கா உக்காருற இடத்துல உக்காந்தேன். அங்கேருந்து பார்த்தா தெரு பூரா தெரியுது. பாய் டீ ஆத்துறது, தனம் பூக்கட்டுறது, பஸ் திரும்புறது. தெருவுல ஒவ்வொருத்தரும் போறப்போ குடைப்பக்கம் ஒருதடவை தலையைத் திருப்புறாங்க. பழக்கம். அவளைத் தேடித்தான் திரும்பியிருக்காங்க, இத்தனை வருஷமா. இன்னைக்கு என்னைப் பார்த்துட்டுச் சட்டுனு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. எனக்கு அடக்க முடியல. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதேன்.

நிமிர்ந்தா, எதிர்ப்பக்கம் அக்கா நிக்கிறா. பதினஞ்சு நாளுக்கு மேலாச்சு வாசப்படியைத் தாண்டி அவ தெருவுக்கு வந்து. கம்பிக்குள்ள என்னைப் பார்த்தா. பூட்டைப் பார்த்தா. திரும்பிப் போயிட்டா. போச்சுடான்னு நெனச்சேன்.

போகல. பாய் கடைக்குப் போனா. பாய் எதையோ காகிதத்துல சுத்திக் குடுத்தார். ரெண்டு பக்கமும் பார்த்து, நிதானமா ரோட்டைத் தாண்டி வந்தா. கம்பிகிட்ட வந்து, எடை போடற மாதிரி ஒருதரம் என்னைப் பார்த்துட்டு, பன்னைக் கம்பி வழியா நீட்டினா.

“சாப்பிடு.”

வாங்கிக்கிட்டேன்.

“அழாதே இந்து. அழுதா விட மாட்டாங்க. சத்தம் போடாம இருக்கணும். சோறு போட்டா தின்னுடணும்.” குரலைத் தாழ்த்திச் சொன்னா, யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. “ராத்திரி பயமா இருந்தா கம்பியை எண்ணு.”

“கேட்டு திறந்துதான்கா இருக்கு. நான் வெளிய வந்துடுவேன்”னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல. ஏன்னு தெரியல. ஜூலைக்கப்புறம் அவ என் முகத்தை நேரா பார்த்துப் பேசறது இதுதான் முதல் தடவை.

“நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரேன்”னா. கம்பி வழியா கையை விட்டு என் கன்னத்தைத் தொடைச்சா. “தூரம்னு சொல்ல மாட்டேன். எல்லா ஞாயித்துக்கிழமையும் வருவேன்.”

அவ தெருமுனை திரும்புற வரைக்கும் நான் எழுந்திருக்கல.

நவம்பர் 28, செவ்வாய்

காஸ் சிலிண்டர் வந்துச்சு. அக்கா ரெண்டு இட்லி சாப்பிட்டா. வீட்டுல என்னைப் பார்த்து, “விட்டுட்டாங்களா?”ன்னு கேட்டா. “ஞாயித்துக்கிழமை மட்டும் போகணும்கா”ன்னேன். தலையாட்டிட்டா.

டிசம்பர் 3, ஞாயிறு

விடியக்காலையிலேருந்து மழை. விடாம ஊத்துது. இன்னைக்கு அக்கா வர மாட்டான்னுதான் நெனச்சேன். இருந்தாலும் சாவியை எடுத்துக்கிட்டு முன்னாடியே போய் உள்ள உக்காந்துக்கிட்டேன், கேட்டைச் சாத்திக்கிட்டு.

வந்தா. எங்க வீட்டுக்காரரோட பழைய கறுப்புக் குடையைப் பரண்லேருந்து எடுத்துப் பிடிச்சுக்கிட்டு வந்தா. ஒரு கம்பி ஒடிஞ்ச குடை, ஒரு பக்கம் தொங்குது. ஒருநாளும் குடை எடுக்காதவ. பன்னு நனையாம இருக்க முந்தானைக்குள்ள மறைச்சு வச்சிருந்தா.

நான் குடைக்கு உள்ள. அவ வெளிய, மழையில.

“உள்ள வாக்கா, நனையறே.”

“வேணாம். நேரம் முடிஞ்சா போகச் சொல்லிடுவாங்க.”

பன்னைப் பிட்டு பாதியை அவகிட்ட நீட்டினேன். குடையைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் நின்னபடியே தின்னா.